கோடையில் வீட்டு மரப்பட்டறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் பட்டறைக்கு ஃபேன் வாங்கலாமா, கூலர் வைக்கலாமா, ஏசியே போட்டுவிடலாமா என்ற யோசனை வந்துவிடும். அதற்கெல்லாம் முன்னால் மாற்ற வேண்டியது வேலை நேரத்தை. வழக்கம்போல மதியம் இரண்டு மணிக்கு டேபிள் சா எனும் மேசை ரம்பத்தை ஓடவிட்டு, அந்த நேரத்து வெக்கையைக் கருவி வாங்கி விரட்டப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காசு போகும், வெக்கை போகாது.

பலகை தூக்குவது, அறுப்பது, பிளேனர் எனும் இழைப்பு இயந்திரத்தில் விடுவது ஆகிய கனமான வேலைகளை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். அளவெடுப்பது, வரைவது, உளி தீட்டுவது போன்றவற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அவற்றை வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம். “சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று பலர் ஒதுக்கிவைப்பார்கள். பகல் முழுக்கச் சூடேறிய சுவரும் தளமும் இருட்டிய பிறகும் அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். இரவெல்லாம் ஆறிய காலை நேரத்துக்கு ஈடு கிடையாது. இரவில் ஜன்னலைத் திறந்துவைத்து, வெயில் ஏறுவதற்குள் மூடி, வெயில் படும் பக்கத்துக்கு வெளியிலேயே மறைப்புக் கட்டினால் காலை நேரம் இன்னும் கொஞ்சம் நீளும். தகரக் கூரையாக இருந்தால் மேலே வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சும் உள்ளே வெப்பக்காப்புத் தகடும்தான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் சௌகரியம் அல்ல. வெக்கை முதலில் பறிப்பது கவனத்தை. உடம்பு களைத்துவிட்டது என்று நமக்கே தெரிவதற்கு முன்பே புத்தி மந்தமாகிவிடும். ஒரே அளவை இரண்டு முறை படிக்கிறோம், பென்சில் கோட்டின் தவறான பக்கத்தில் அறுக்கிறோம், தள்ளுகட்டையை எடுக்காமல் விரலாலேயே பலகையைத் தள்ளப் போகிறோம். இதில் ஒன்று நடந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வர வேண்டும். “இன்னும் ரெண்டு பலகைதானே” என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை, தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பேச்சு குழறினாலோ, குழப்பம் வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்போம். குழப்பம் வந்தவருக்குத் தனக்குக் குழப்பம் வந்திருப்பது தெரியாது. அதனால் கோடையில் பட்டறைக்குள் போகும்போது வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவ்வப்போது எட்டிப்பார்க்கச் சொல்வது அவசியம்.

வாரம் முழுக்கக் குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்துவிட்டு, விடுமுறை நாளில் ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் வேலை செய்வது இன்னொரு தவறு. உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். புதிதாக வெக்கையில் வேலைக்கு வருபவர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும் வேலை செய்து, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு. தண்ணீருக்கும் அவர்கள் கணக்கு ஒன்று உண்டு: 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதே நேரம் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதுவும் ஆபத்துதான்.

இனி காற்று. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி நம்மைக் குளிர்விக்கிறது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வீசும் காற்றே உடம்புக்குச் சூட்டைக் கொண்டுவரத் தொடங்கும். 40 டிகிரிக்கு மேல் ஃபேனைப் பயன்படுத்த வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஃபேனை இயந்திரத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் மரத்தூள் மூக்குக்குத்தான் வரும். நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் காற்றை வெளியே தள்ளும்படி வைத்தால் சூடும் தூசியும் சேர்ந்து வெளியேறும்.

ஏர் கூலர் விஷயத்தில் என் கருத்து கறாரானது: மரப்பட்டறைக்கு அது ஆகாது. அது காற்றைக் குளிர்விப்பதே ஈரத்தைச் சேர்த்துத்தான். அந்த ஈரம் மரத்துக்குள் போகும். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். தட்டையாக அறுத்த பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் சுமார் 1 சதவீதம் மாறும் என்பது தோராயக் கணக்கு. 400 மில்லிமீட்டர் அகல மேசைப்பலகைக்கு அது 4 மில்லிமீட்டர். கூலர் காற்றில் வாரக்கணக்கில் கிடந்த பலகையைக் கச்சிதமாகச் சட்டத்தில் பொருத்தி, வறண்ட அறையில் கொண்டுபோய் வைத்தால் இடைவெளி விடும், இல்லையென்றால் பிளக்கும். இரும்புக் கருவிகளுக்குத் துரு தனி. வியர்த்த கையால் தொட்ட இழைப்புளியைத் துடைக்காமல் வைத்துப் பாருங்கள்: மறுநாள் காலை அதன் அடித்தட்டில் உங்கள் விரல்ரேகை செம்பழுப்பாகப் பதிந்திருக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மெழுகோ எண்ணெயோ லேசாகப் பூசிவைத்தால் போதும். ஓக் போல டானின் எனும் துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் வியர்வை பட்ட இடத்தில் இரும்புத்துகள் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். அதை எடுப்பது பெரும்பாடு.

ஏசி போடுபவர்கள் கணக்குப் போடாமல் போடுகிறார்கள். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். 1.5 கிலோவாட் டேபிள் சாவும் அதே அளவு தூசி உறிஞ்சியும் முழுச் சுமையில் ஓடினால், அவை இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அறைக்குள் வெப்பமாகத்தான் முடியும். அந்த ஒரு டன்னில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். உறிஞ்சியின் காற்றை வெளியே விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 4 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் இருப்பது 60 கனமீட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 கனமீட்டர் இழுக்கும் உறிஞ்சி அத்தனை குளிர்காற்றுக்கு ஈடான அளவை மூன்றே நிமிடத்தில் வெளியே கொட்டிவிடும். அந்த இடத்தை வெளியிலிருக்கும் அனல் நிரப்பும். ஏசி இருந்தால் நல்ல வடிகட்டி போட்டுக் காற்றை உள்ளேயே திருப்பிவிட வேண்டும், ஏசியின் சல்லடையையும் அடிக்கடி கழுவ வேண்டும்.

புழுக்கம் தாங்காமல் முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றிவைப்பது பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. கோடைக்காகத் தூள் சலுகை காட்டப் போவதில்லை. கவசம் வியர்வையில் நனைந்தால் மூச்சுவிடச் சிரமமாகும்; அதற்கு மாற்றுக் கவசம் ஒன்று கையில் வேண்டும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்குப் புழுக்கமென்றால் தூள் பறக்கும் வேலையை நிறுத்துவதுதான் சரி. வியர்வை துடைக்கக் கழுத்தில் போட்டிருக்கும் துண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசல் இயந்திரத்தின் முன்னால் குனியும்போது துண்டின் நுனி சுழலும் கட்டையில் சிக்கினால் அது முகத்தையும் சேர்த்து இழுத்துவிடும். நெற்றிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்; துண்டு சுவரில் தொங்கட்டும்.

பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரக்கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி வாக்கிலான அறைக்கானது. கோடையில் வெள்ளைப் பசை வெகு சீக்கிரம் ஆடை கட்டும். நான்கு இணைப்புகளுக்கும் பூசி முடிப்பதற்குள் முதல் இணைப்பு காய்ந்திருக்கும், கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் அது பிடிக்காது. பசையில்லாமல் ஒருமுறை முழுதாகக் கோத்துப் பார்த்துவிட்டு, பகுதி பகுதியாக ஒட்டுங்கள். ஷெல்லாக், லாக்கர் ஆகிய மெருகுப் பூச்சுகள் புழுக்கமான நாளில் வெண்மேகம்போல் வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிவதுதான் காரணம். ஈரம் குறைந்த நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

மரத்தில் பள்ளம் குடையும் கையடக்க ரூட்டர், தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் ஆகியவற்றின் மோட்டார்களிலுள்ள காற்றுத்துளைகளைத் தினமும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். சூடான மோட்டாரைச் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் சீக்கிரம் ஆறும். லித்தியம் பேட்டரியை வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள்.

கடைசியாக, உயிருக்கும் வீட்டுக்கும் உலைவைக்கக்கூடிய ஒரு தவறு. ஆளிவிதை எண்ணெய் போன்று காற்றில் காய்ந்து இறுகும் எண்ணெய்கள் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். ஏற்கெனவே கொதிக்கும் அறையில் அது இன்னும் விரைவாக நடக்கும். துணியைப் பட்டறைக்கு வெளியே மடிப்பில்லாமல் விரித்து, விறைத்துப்போகும் வரை காயவிடுங்கள். உடனே விரிக்க இடமில்லையென்றால் மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அமுக்கிவையுங்கள். கை கழுவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.