ஹோம் லோன் ப்ராப்பர்ட்டி விசிட்: புதுசா ஃபீல்டுக்கு போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

டிப்ளமோ சிவில் இல்ல பிஇ முடிச்சிட்டு பேங்க் பேனல் வேல்யூவர்கிட்ட (கடனுக்கு வர்ற சொத்துக்கு மதிப்பு போட பேங்க் பட்டியல்ல வச்சிருக்கறவர்) சைட் இன்ஜினியரா சேர்றவங்களுக்கு, சேர்ந்த கொஞ்ச நாள்லயே ஒரு ஃபைல கையில குடுத்து "போய் பாத்துட்டு வா"ன்னு அனுப்பிடுவாங்க, என்ன பாக்கணும் எதுல ஏமாறுவோம்னு உக்கார வச்சு சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. தமிழ்நாட்டுல ஹோம் லோன், அடமானக் கடன் விசிட் போறவங்களுக்காக இத எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. வீடு எவ்ளோ பெறும்ங்கிறது ரெண்டாவது கேள்வி. பத்திரத்துல இருக்கற இடமும் நீங்க நிக்கற இடமும் ஒண்ணுதானாங்கிறதுதான் மொத கேள்வி. ரேட்ல கொஞ்சம் முன்ன பின்ன ஆனா மேல உள்ளவங்க சரி பண்ணிடுவாங்க, இடமே மாறிப் போச்சுன்னா அதுக்கப்புறம் அந்த ரிப்போர்ட்ல எது சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 1: கெளம்பறதுக்கு முன்னாடி பேப்பர படிங்க

கிரையப் பத்திரம், பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே நம்பரோட எல்லை, அளவு காட்டற அரசு வரைபடம்), அப்ரூவ்டு பிளான், சொத்து வரி ரசீது, ஈபி பில் இவ்ளோவும் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. பத்திரத்துல கடைசி பக்கங்கள்ல சொத்து விவரம்னு வரும், அந்த பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிச்சு கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, நாலு எல்லை, நாலு பக்க அளவு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக்கங்க. பட்டாவ அரசோட இ-சேவை தளத்துல போட்டு பாத்தா பேரும் பரப்பும் ஒத்துப்போகுதான்னு தெரிஞ்சிடும்.

இங்க புதுசா வர்றவங்க தடுமாறறது அளவுல. பத்திரத்துல சென்ட் இல்ல சதுர அடி இருக்கும், பட்டாவுல ஹெக்டேர் - ஏர் இருக்கும். 1 ஏர்னா 100 சதுர மீட்டர், 1 சென்ட்னா 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட்னா 2400 சதுர அடி. பட்டாவுல 0 - 2.23ன்னு இருந்தா அது 223 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிரவுண்ட், அஞ்சரை சென்ட். இந்த கணக்க ஆபீஸ்லயே போட்டுட்டு போங்க, வெயில்ல நின்னுக்கிட்டு போட்டா தப்பாகும்.

புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கின நிலம்)னு எங்கயாவது ஒரு வார்த்த கண்ணுல பட்டா உடனே சீனியர்கிட்ட காட்டுங்க. அத நீங்களே முடிவு பண்ண வேண்டாம்.

ஸ்டெப் 2: போன் பண்ணிட்டு போங்க

கடன் கேட்டவர்கிட்ட நேரம் பேசிக்கங்க, ஒரிஜினல் இல்லாட்டியும் ஜெராக்ஸ் செட் கையில வச்சிருக்க சொல்லுங்க. 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், திசைகாட்டி, ஜிபிஎஸ் கேமரா ஆப், சார்ஜ் உள்ள போன், ஐடி கார்டு, நல்ல ஷூ. அவ்ளோதான்.

ஸ்டெப் 3: இடம் அதுதானா?

இதுக்குதான் அதிக நேரம் குடுங்க. அவரு காட்டற இடத்துல போய் நின்னவுடனே அளக்க ஆரம்பிக்காதீங்க, மொதல்ல திசை பாருங்க, அப்புறம் நாலு எல்லைய ஒவ்வொண்ணா ஒப்பிடுங்க.

பத்திரத்துல எல்லை எழுதற விதம் ஒண்ணு இருக்கு, அது புரியலன்னா எல்லாமே தலைகீழா போயிடும். "பொதுக் கிணத்துக்கு மேற்கு"ன்னு இருந்தா கிணறு மேற்குல இருக்குன்னு அர்த்தம் இல்ல, நம்ம சொத்து கிணத்துக்கு மேற்குல இருக்கு, அப்ப கிணறு நமக்கு கிழக்கு பக்கம் இருக்கணும். பழைய பத்திரத்துல பக்கத்து நிலத்துக்காரர் பேர் போட்டிருப்பாங்க, அவரு வித்துட்டு போய் ரெண்டு கை மாறியிருக்கும், அதனால அக்கம்பக்கத்துல வயசானவங்ககிட்ட "இது முன்னாடி யாரு இடம்ங்க"ன்னு மரியாதையா கேட்டா சொல்லிடுவாங்க.

காலி மனைதான் ரொம்ப கஷ்டம். லேஅவுட்ல கல்லு இருக்காது, முள்ளு மொளச்சு கெடக்கும், புரோக்கர் மெயின் ரோடு ஓரமா இருக்கற கார்னர் மனைய காட்டிட்டு இதுதாம்பாரு, ஃபைல்ல இருக்கற மனை உள்ள நாலாவது தெருவுல இருக்கும். அதனால அப்ரூவ்டு லேஅவுட் பிளான கையில வச்சுக்கிட்டு மாறாத ஒரு புள்ளியில இருந்து, ரோடு சந்திப்போ பார்க்கோ ஏற்கனவே கட்டின வீடோ எதுவோ ஒண்ணுல இருந்து, ரோடு அகலமும் மனைகளோட முகப்பளவும் கூட்டிக்கிட்டே டேப் போட்டு வாங்க. அப்படி வந்து நிக்கற இடம்தான் உங்க மனை. டிடிசிபி, சிஎம்டிஏ (மனைப் பிரிவுக்கு அனுமதி தர்ற அரசு அமைப்புங்க) அப்ரூவல் இல்லாத பழைய மனையா இருந்தா, அத பின்னாடி முறைப்படுத்தி குடுத்த வரன்முறை ஆணை கேளுங்க (20.10.2016 அன்னைக்கோ அதுக்கு முன்னாடியோ பதிவான மனைகளுக்குதான் 2017 வரன்முறை திட்டம்), அதுல இருக்கற மனை நம்பரும் பத்திரத்துல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க.

வீடா இருந்தா ஈபி மீட்டர்ல இருக்கற நம்பர பில்லோட ஒப்பிடுங்க, வாசல் கதவு நம்பர வரி ரசீதோட ஒப்பிடுங்க. ஃபிளாட்ல மாடி கணக்கு குழப்பும், கீழ பார்க்கிங் இருந்தா ஒருத்தர் முதல் மாடிங்கறத இன்னொருத்தர் ரெண்டாவதும்பாரு, பிளான்ல எந்த ஃபிளாட் எந்த மூலையில இருக்குன்னு பாத்து திசைய வச்சு உறுதி பண்ணுங்க.

ஸ்டெப் 4: அளங்க, அளந்தத மட்டும் எழுதுங்க

நாலு பக்கமும் அளக்கணும், ரெண்டு பக்கம் அளந்துட்டு மீதி அதே மாதிரி இருக்கும்னு எழுதக்கூடாது. பத்திரத்துல ஒரு அளவு, நேர்ல ஒரு அளவு வந்தா ரெண்டையும் எழுதுங்க, எது கம்மியோ பொதுவா அதத்தான் மதிப்புக்கு எடுப்பாங்க. முன்னாடி இருக்கற ரோடு அகலமும் அளங்க. பிளான்ல தரைத்தளம் + 1ன்னு இருந்து மேல இன்னொரு மாடி நின்னா அந்த மாடிய தனியா குறிங்க. ஃபிளாட்டுக்கு கார்பெட் ஏரியா (சுவத்துக்கு உள்ள புழங்கற பரப்பு), பத்திரத்துல இருக்கற யூடிஎஸ் (நிலத்துல அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) ரெண்டும் வேணும், பில்டர் சொல்ற சூப்பர் பில்டப் ஏரியாவ (படிக்கட்டு, லிஃப்ட் மாதிரி பொது இடத்தோட பங்கும் சேந்தது) அப்படியே காப்பி பண்ணாதீங்க.

ஸ்டெப் 5: கட்டடமும் போட்டோவும்

ரோடோட சேத்து முகப்பு, ரோட்டோட ரெண்டு பக்கம், கதவு நம்பர், மீட்டர், ஒவ்வொரு ரூமும், கிச்சன், பாத்ரூம், மொட்டைமாடி, விரிசல், ஓதம் இருந்தா அதுவும். வீட்ல பெண்கள், குழந்தைங்க இருந்தா அவங்க படத்துல விழாம எடுங்க, ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுட்டு போங்க, அது அவங்க வீடு. மேல கரண்ட் ஒயர் போகுதா, பக்கத்துல கால்வாய் இருக்கா, மழைக்கு தண்ணி எவ்ளோ நிக்கும்னு பக்கத்து வீட்டுல கேளுங்க. சென்னையில முடிச்சூர், வேளச்சேரி பக்கம் போனா 2015 டிசம்பர் வெள்ளத்துல எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டா கையால சுவத்துல காட்டுவாங்க. வாங்கப்போறவருக்கும் அது தெரியணும்.

ஸ்டெப் 6: கட்டிக்கிட்டு இருக்கற வீடு

பேஸ்மென்ட் (தரைமட்ட அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற உத்தரம்), ரூஃப், பூச்சு வேலைன்னு ஸ்டேஜ் ஸ்டேஜா பணம் விடுவாங்க, எந்த ஸ்டேஜுக்கு எத்தன சதவீதம்னு பேங்குக்கு பேங்க் மாறும், அந்த சார்ட்ட கேட்டு வாங்கிக்கங்க. சென்ட்ரிங் (கான்கிரீட்ட தாங்கற தற்காலிக பலகை) அடிச்சிருக்கறது வேற, கான்கிரீட் போட்டு முடிச்சது வேற, மேல ஏறி பாக்காம ரூஃப் முடிஞ்சதுன்னு எழுதாதீங்க. இறக்கி வச்சிருக்கற செங்கல், கம்பி எல்லாம் முடிஞ்ச வேலை கணக்குல வராது. போன விசிட் போட்டோ எடுத்த அதே கோணத்துல இப்பவும் எடுத்தீங்கன்னா வேலை எவ்ளோ நகர்ந்திருக்குன்னு யாரு பாத்தாலும் புரியும்.

ஸ்டெப் 7: ரேட் விசாரிங்க

விக்கறவர் சொல்ற ரேட், வாங்கறவர் சொல்ற ரேட் ரெண்டும் வேண்டாம். தெருவுல ரெண்டு மூணு பேர், கொஞ்சம் தள்ளி ஒரு மளிகைக்கடைக்காரர், சமீபத்துல பக்கத்துல என்ன விலைக்கு போச்சு, பதிவுத்துறை தளத்துல வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வச்சிருக்கற ரேட்) என்ன, எல்லாத்தையும் குறிச்சுக்கங்க.

இது ஏன் முக்கியம்னா, ஆர்பிஐ விதிப்படி 30 லட்சம் வரைக்குமான கடனுக்கு மதிப்புல 90%, 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் 80%, அதுக்கு மேல 75%தான் உச்சவரம்பு. உண்மையில 50 லட்சம் பெறுற வீட்ட 60ன்னு எழுதினா 48 லட்சம் வரைக்கும் கடன் போகலாம். நாளைக்கு வேல போயி அவரு விக்கணும்னு வந்தா, கடன அடைச்ச பிறகு கையில ஒண்ணும் மிஞ்சாது. அதிகமா எழுதிக்குடுத்தா அவருக்கு உதவி பண்றோம்னு சிலர் நெனைக்கறாங்க, உண்மையில அந்த குடும்பத்து தலையிலதான் பாரத்த ஏத்தறோம். அதனால சைட்ல நின்னுக்கிட்டு யாருகிட்டயும் மதிப்பு சொல்லாதீங்க, கவர் குடுத்தா வாங்காதீங்க, புரோக்கர் வண்டியில ஏறாதீங்க.

ஸ்டெப் 8: தவணை நின்னுபோன வீடு

கடன் கட்டாத சொத்த பேங்க் எடுத்து விக்க வழி பண்ற சர்ஃபேசி சட்டத்துல 13(2) நோட்டீஸ் (பாக்கிய கட்டச் சொல்றது) போனா 60 நாள் அவகாசம், அதுக்கப்புறம்தான் சொத்த கையில எடுக்கற சுவாதீன நடவடிக்கை. அந்த சமயத்துல மதிப்பு பாக்க போறோம்னா ரொம்ப பக்குவமா நடந்துக்கணும். உள்ள விட மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க, அதுக்கு நமக்கு அதிகாரம் கெடையாது, வெளியில இருந்து பாத்துட்டு "உட்புறம் பார்வையிட அனுமதிக்கப்படவில்லை"ன்னு எழுதுங்க. யாரு இருக்காங்க, சொந்தக்காரரா வாடகைக்காரரா, பூட்டியிருக்கா, மீட்டர் ஓடுதான்னு குறிங்க. பக்கத்து வீட்டுல விசாரிக்கும்போது கடன் பாக்கின்னு ஒரு வார்த்த வரக்கூடாது. பணம் கேக்கறது நம்ம வேல இல்ல.

ஸ்டெப் 9: அன்னைக்கே ரிப்போர்ட்

ராத்திரிக்குள்ள எழுதிடுங்க, ரெண்டு நாள் விட்டா அடுத்தடுத்து பாத்த வீடுங்க மனசுல கலந்துடும். பாத்தத பாத்ததா எழுதுங்க, சொன்னத "சொன்னதாக"ன்னு எழுதுங்க, பாக்காதத பாக்கலன்னு எழுதுங்க. போட்டோவ எல்லாம் சர்வே நம்பர் போட்ட ஃபோல்டர்ல தேதியோட போட்டு, ஃபீல்டுல கையால கிறுக்கின அந்த தாளையும் படம் எடுத்து அதுலயே வைங்க, பேங்க்ல இருந்து சந்தேகம் கேட்டு போன் வந்தா மொதல்ல தேடப்போறது அதத்தான்.