எச்.ஐ.வி. அமைப்பில் தன்னார்வலராகச் சேர்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பொதுச் சுகாதாரத் துறையினர் சேர்ந்து நடத்தும் எச்.ஐ.வி. அமைப்புகளில் பெரும்பாலான வேலை தன்னார்வலர்களின் தலையில்தான். கருத்தரங்குக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடுவது, கொள்கை அறிக்கை எழுதுவது, செய்திமடல் தயாரிப்பது என்று பட்டியல் நீளும். வருபவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். தவறுகளும் அதே நல்ல மனதோடுதான் நடக்கின்றன.

சேர்ந்தவுடன் எல்லாவற்றுக்கும் கை தூக்குவது அதில் ஒன்று. மூன்று குழுக்களில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டாவது மாதமே காணாமல் போகிறவர்கள் உண்டு. மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால், அவர் பங்குச் சுருக்கங்கள் கடைசி நாளுக்கு முந்தின இரவு வேறொருவரிடம் போகும். அவசரத்தில் படித்துப் போடும் மதிப்பெண், சுருக்கத்தை எழுதிய மாணவருக்கு அநியாயம். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது போதும்.

அப்புறம், சொற்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு துண்டறிக்கை எழுதினேன். அதில் ‘எய்ட்ஸ் நோயாளிகள்’, ‘கொடிய நோய்க்கு இரையானவர்கள்’ என்றெல்லாம் இருந்தது. தொற்றுடன் பல ஆண்டுகளாக வாழும் மூத்த உறுப்பினர் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். பென்சிலால் நான்கு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நான் தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்டார். எச்.ஐ.வி. என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது சிகிச்சை இல்லாமல் அந்தத் தொற்று முற்றிய நிலை. இது தெரிந்த நானே இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தேன். ‘எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள்’ என்று எய்ட்ஸுடன் வாழ்ந்தவர்கள் அமெரிக்காவின் டென்வர் நகரில் 1983-லேயே அறிக்கை வெளியிட்டார்கள். இன்னும் நாம் அந்தச் சொல்லை விடவில்லை.

பழைய தகவலை வைத்துக்கொண்டு பேசுவதும் ஆபத்து. தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் தொற்று பரவாது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஜோடிகளிடம் நடந்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்ட முடிவு 2019-ல் வெளியானது. அதில், ஆணுறையில்லாமல் 76,000 தடவைக்கும் மேல் நடந்த உடலுறவில் இப்படிச் சிகிச்சை பெறும் துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. துறைக்குள் இருப்பவர்களே “ஆனாலும்...” என்று இழுக்கும்போது எனக்கு மனசு வலிக்கும். அதே சமயம் தாய்ப்பாலுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே அபாயம் மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல. தொற்று ஏற்பட்டிருக்குமோ என்று பதறி வருபவரிடம் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லவே சொல்லாதீர்கள். வைரஸ் உடலில் வேரூன்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும்.

எனக்கு மிகப் பெரிய தவறாகத் தெரிவது ரகசியத்தில் காட்டும் அலட்சியம். கூட்டம் முடிந்ததும் குழுப் படம் எடுத்து, பெயர்களோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். “அவரே மேடையில் சொன்னாரே” என்பார்கள். அவர் சொன்னது அந்த அறையில் இருந்த முப்பது பேருக்கு. அவருடைய வீட்டு உரிமையாளருக்கோ மேலாளருக்கோ அல்ல. படம் எடுப்பதற்கு ஒரு முறை, வெளியிடுவதற்கு இன்னொரு முறை என்று தனித்தனியாக அனுமதி கேளுங்கள். இணையவழிக் கூட்டத்தைப் பதிவு செய்தாலும் இதே கதைதான். சக தன்னார்வலரிடம் “உங்களுக்கும் இருக்கிறதா?” என்று கேட்கவே கூடாது.

தொற்றுடன் வாழ்பவர்களைக் கண்ணீர்க் கதை சொல்ல மட்டும் கூப்பிடுவதும் இதன் இன்னொரு பக்கம். 1994-ல் பாரிஸில் 42 நாடுகள் அவர்களுடைய பங்கேற்பை விரிவாக்குவதாக உறுதி கொடுத்தன. அறிக்கையை முழுசாக எழுதி முடித்துவிட்டு “ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்” என்று கொடுப்பது பங்கேற்பு ஆகாது. அவர்களில் புள்ளியியல் படித்தவர் இருப்பார், சட்டம் தெரிந்தவர் இருப்பார். தலைப்பு முடிவாகும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும்.

அமைப்பின் பெயரில் பத்திரிகைகளுக்குக் கருத்துச் சொல்வதற்கு முன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? போன வருடக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதற்குத்தான் ஆள் கிடைக்காது.