கழிவு ஆயிலில் அமிலம் ஊற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பழைய எஞ்சின் ஆயிலை அமிலத்தாலும் களிமண்ணாலும் சுத்தப்படுத்தும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய கூத்துகள்தான் ஞாபகம் வருகின்றன. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் என்றெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் இந்த வேலையே உங்களுக்கு வேண்டாம். கந்தக அமிலம் அழுக்கோடு ஆயிலையும் சேர்த்துக் கரிக்கும், கையாள முடியாத தார்க் கசடையும் விட்டுவைக்கும். அதனால்தான் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு வருகிறோம். ஆனால் ‘மென்மையான அமிலம்’ என்ற பெயரே பலரை அசட்டையாக்கிவிடுகிறது.

தண்ணீர் போகாத ஆயிலில் அமிலம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போதே நீராவி உண்டாகிறது, அதில் கொஞ்சம் ஆயிலில் தங்கிவிடும். அப்புறம் மூடாத கேனில் மழைநீர் வேறு. ஒருமுறை 20 லிட்டர் ஆயில், மேலே பார்க்க நன்றாக இருந்ததால் சரி என்று நேராக அமிலத்தை ஊற்றிக் கலக்கினேன். மறுநாள் அடியில் கறுப்புக் கசடும் மேலே ஆயிலுமாகப் பிரிந்திருக்க வேண்டியது, கெட்டி மோர் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரே குழம்பாக நின்றது. அமிலம் ஆயிலைவிடத் தண்ணீரோடுதான் சுலபமாகச் சேரும், சேர்ந்து நீர்த்துப்போகும். அழுக்கைப் பிடித்து வைக்க ஆயிலில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் டிடர்ஜென்ட் அந்தத் தண்ணீரைப் பொடித்துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதோடு விட்டேனா? மிச்ச அழுக்கையும் நிறத்தையும் உறிஞ்சும் களிமண்ணைப் போட்டுச் சூடேற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். 100 டிகிரியைத் தாண்டியதும் அடியில் கிடந்த தண்ணீர் ஒரேயடியாக ஆவியானது. தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், பாத்திரம் என்ன செய்யும்! பாதி ஆயில் தரையில். மின் அடுப்பாக இருந்ததால் தப்பித்தேன்.

சோதனை ஒன்றும் பெரிதில்லை. நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள்; சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. ஓரிரு நாள் அசைக்காமல் வைத்து அடித் தண்ணீரை வடித்துவிட்டு, 110 டிகிரி வரை மெதுவாக, நுரை அடங்கும்வரை சூடாக்குங்கள். பெட்ரோல் கலந்திருக்கலாம், அதனால் திறந்த தீ கூடாது. அப்புறம் ஆறவிட்டுத்தான் அமிலம். செறிந்த அசிட்டிக் அமிலத்தின் ஆவி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே, ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

கூலன்ட் கலந்த ஆயில்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலன்ட். அது கலந்த ஆயிலைத் தொடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய வாளி

அமிலம் பூச்சைத் தின்று ஹைட்ரஜனை விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும்.

நிறத்தைப் பார்த்து மயங்குவது

களிமண் வழியாக வந்ததும் ஆயில் தேன் நிறத்தில் மின்னும், உடனே ஆசை வந்துவிடும். மோந்து பாருங்கள்: வினிகர் நெடி இருந்தால் அமிலம் இன்னும் உள்ளே இருக்கிறது, பேரிங்கில் உள்ள ஈயத்தையும் செம்பையும் அரிக்கும். நெடி இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள், அமில எண்ணும் (எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற அளவு) பாகுத்தன்மையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவை. அதோடு கையில் இருப்பது வெறும் அடிப்படை எண்ணெய்தான், எஞ்சினைக் காக்கச் சேர்த்திருந்த அடிட்டிவ் எல்லாம் கசடோடு போயாயிற்று. அப்படியே எஞ்சினில் ஊற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

கசடு

மூடி போட்ட கேனில், தனியாக, அபாயக் கழிவு எடுப்பவரிடம். சாக்கடை பக்கமே போகாதீர்கள்.