கிழக்கின் வெயிலில் உரித்தெடுக்கும் உடனடி பிலிம்: வாங்குவதும் படம் எடுப்பதும்

படம் எடுத்தவுடன் தாளைக் கமராவின் உருளைகளுக்கு இடையால் வெளியே இழுத்து, குறித்த நேரம் காத்திருந்து, ஒட்டியிருக்கும் இரு தாள்களையும் பிரித்தெடுப்பதே உரித்தெடுக்கும் உடனடி பிலிமின் முறை. இவ்வகையில் பரவலாகப் பயன்பட்டது, போலரோயிட் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய 100 வரிசைப் பக்கற் (பல பிலிம் தாள்களை அடுக்கிய தட்டையான பெட்டி). அந்நிறுவனம் 2008இல் உடனடி பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பின்னர் இதைத் தாங்கி நின்றது புஜிபிலிம். அதுவும் கறுப்பு வெள்ளை எஃப்பி-3000பியை 2013இலும் வண்ண எஃப்பி-100சியை 2016இலும் கைவிடுவதாக அறிவித்தது. வியன்னாவின் சுப்பர்சென்ஸ் நிறுவனம், 'வன் இன்ஸ்டன்ட்' என்ற பெயரில் ஒற்றைப் படப் பக்கற்றுகளைக் கையால் தொகுக்கும் முயற்சியை 2019இல் தொடங்கியது. அது சிறிய அளவிலான, விலை கூடிய முயற்சி. ஆகவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருப்பவரின் கைக்கு இன்று வரக்கூடியது பெரும்பாலும் இணைய ஏலங்களில் கிடைக்கும் காலாவதியான பழைய இருப்பே. இன்று போலரோயிட் பெயரில் கடைகளில் விற்கப்படும் சதுர பிலிம்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை 100 வரிசைப் பக்கற்றுக்குரிய கமராக்களில் பொருந்தமாட்டா.

பழைய பக்கற் ஒன்றை வாங்கும்போது காலாவதித் திகதியை விட, அது இத்தனை ஆண்டுகளும் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதே முக்கியம். தாள்களுக்கு இடையே பரவவேண்டிய இரசாயனப் பசை சிறிய உறைகளில் அடைக்கப்பட்டுள்ளது. வெப்பத்தில் அது மெல்ல உலர்ந்துவிடும், உலர்ந்தால் படத்தின் ஒரு பகுதி வெறுமையாகவே வரும். எனவே தொடர்ந்து குளிரூட்டி வைத்திருந்தாரா, அதே தொகுதி இலக்கத்திலிருந்து அண்மையில் எடுத்த படம் ஒன்றைக் காட்டமுடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். பழைய போலரோயிட் 669 பக்கற்றுகளை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் வயதுக்குப் பசை உலர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எஃப்பி-100சி45 என்று எழுதியிருந்தால் அது பெரிய அளவு. அதற்கு வேறு தாங்கி வேண்டும்.

தபாலில் வரும் பொதி களஞ்சியங்களில் வெந்துகொண்டு கிடக்கும் என்பதால், இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர் ஒருவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. அவர் அதைக் கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்கவேண்டும். வந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பசை உறையக்கூடும் என்பதால் ஐஸ் கட்டும் அறையில் வைக்கக்கூடாது. பயன்படுத்துவதற்குச் சில மணி நேரம் முன்னர் எடுத்து, மேலுறையைப் பிரிக்காமல் வெளியே விட்டுவையுங்கள். குளிரோடு பிரித்தால் நமது கடலோரக் காற்றின் ஈரம் தாளின்மேல் படிந்துவிடும்.

கமராவைப் பிலிம் இல்லாமலே சோதிக்கலாம். போலரோயிட்டின் 250 போன்ற, இப்பக்கற்றுக்குரிய லாண்ட் கமராக்களின் 4.5 வோல்ட் பற்றரியைத் தேடி அலையாமல், மூன்று சிறிய 1.5 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம். ஒளியுணரியை விரலால் மூடிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இரண்டாவது 'கிளிக்' ஒலி தாமதித்தே வரவேண்டும். வெயிலில் இரண்டும் உடனுக்குடன் கேட்கவேண்டும். இருட்டறையில் துருத்திக்குள் (லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் பகுதி) ரோர்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உருளைகளில் காய்ந்த பசையை ஈரத் துணியால் முழுமையாகத் துடைத்தெடுங்கள். ஒரு சிறு துகள்கூட ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் புள்ளியாக விழும். புஜியின் பக்கற் பிளாஸ்திக்கால் ஆனது; கமராவின் பின்மூடியிலுள்ள உலோக வில்கள் அதை இறுக்கி, இழுப்பதற்கான தாள்நாவைக் கிழித்துவிடுவதுண்டு. வில்களைச் சற்று வளைத்துத் தளர்த்துங்கள்.

பக்கற்றை ஓரங்களில் மட்டும் பிடித்துப் பொருத்தி, மூடியை அடைத்து, கறுப்புத் தாளை நேராக இழுத்து அகற்றுங்கள். எஃப்பி-100சிக்கு கமராவின் பிலிம் வேகத்தை 75 என்று வைத்து, வெளிச்சச் சில்லைச் சற்றே இருள் பக்கம் திருப்பினால் போதும். படம் எடுத்தபின் முதலில் சிறிய வெள்ளை நாவை இழுக்கவேண்டும். அப்போது பெரிய நா வெளியே தெரியும். அதை ஒரே வேகத்தில், சாய்க்காமல், இடையில் நிறுத்தாமல் இழுங்கள். நிறுத்தினால் குறுக்குக் கோடு விழும். சாய்த்தால் ஒரு மூலையில் பசை பரவாது. இந்த வகைப் படங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். ஆகவே வெற்றுப் பக்கற் ஒன்றும் சில தாள்களும் கிடைத்தால் முதலில் அவற்றைக்கொண்டு கையைப் பழக்குங்கள்.

காத்திருக்கும் நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. சூடு கூடினால் இரசாயன வேலை விரைவாக முடியும். பக்கற்றுடன் வரும் அட்டவணையில் 20 பாகைக்குரிய நேரத்தைப் பார்த்துப் பின்பற்றுபவருக்கு நமது ஊரில் படம் சரிவராது. 30 பாகையைத் தாண்டிய நாட்களில் மிகச் சூடான வெப்பநிலைக்குரிய வரியையே எடுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கல்லடிப் பாலத்திலோ கடற்கரையிலோ நண்பகலில் எடுப்பதைத் தவிர்த்து, காலை ஏழு மணிக்கு முன் எடுப்பது சாலச் சிறந்தது. இழுத்த தாளை வெயிலில் காட்டாமல் தட்டையாக நிழலில் வைத்து, நேரம் வந்ததும் ஒரு மூலையிலிருந்து ஒரே மூச்சில் உரியுங்கள். ஈரமான படத்தில் மணல் ஒட்டினால் போகாது. மூடக்கூடிய தட்டையான பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

படத்தை உரித்தபின் மிஞ்சும் மற்றத் தாளிலுள்ள பசை காரத்தன்மை உடையது, தோலை அரிக்கும். வாவியிலோ கரையிலோ அதை எறியவேண்டாம். எஃப்பி-100சியின் மிஞ்சிய தாளை உலரவைத்து, படப்பக்கம் கீழாகக் கண்ணாடியில் சுற்றிவர ஒட்டி, பின்புறக் கறுப்புப் பூச்சைக் குளோரின் வெளுப்பானால் கரைத்துக் கழுவினால் ஒரு நெகட்டிவ் கிடைக்கும். கையுறை கட்டாயம், காற்றோட்டமும் தேவை. இத்தனை விலை கொடுத்து எடுத்த படத்தைப் பின்னர் பெருப்பிக்கவும் முடிவது இந்த நெகட்டிவால்தான்.

பழைய இருப்பின் விலை தாங்காதவர், 4x5 அங்குலக் கமரா வைத்திருந்தால், லோமோகிராஃபியின் லோமோகிராஃப்லொக் பின்பகுதியைப் பொருத்தி புஜிபிலிமின் இன்ஸ்டக்ஸ் வைட் உடனடி பிலிமைப் பயன்படுத்தலாம். அதில் உரித்தலும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஆனால் அந்தப் பிலிம் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது.