தாமிரபரணிப் பேச்சைக் கைகலப்பாகாமல் நடத்துவது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். கூட்டம் நடத்துகிறவன் என்பதால், வெளியூர் நண்பர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தலைப்பைச் சுருக்குங்கள். 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்றால் எல்லாரும் ஆமாம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். 'மாஞ்சோலையை என்ன செய்வது?' என்று கேளுங்கள், அப்புறம் ஒருத்தரும் வாயை மூட மாட்டார்கள்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு தேயிலை போட 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை அது. 2028-இல் கெடு முடிகிறது. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். காட்டு ஆர்வலர், "தேயிலையை விட்டுவிட்டால் சோலை திரும்பும், தாமிரபரணியில் சேரும் மணிமுத்தாறுக்கு நல்லது" என்பார். இடதுசாரித் தோழர், "தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவர்கள் எங்கே போவார்கள்? அரசுத் தேயிலைக் கழகம் எடுத்து நடத்தட்டும்" என்பார். தலித் இயக்கத்துத் தம்பி நிலத்தைக் கேட்பார். அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-இல் நெல்லையில் ஊர்வலம் போனதையும், தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்ததையும் சொல்லாமல் அவர் உட்கார மாட்டார். உட்காரச் சொல்லவும் கூடாது. சந்தையை நம்புகிறவர், நல்ல இழப்பீடு கொடுத்துக் கீழே வீடு கட்டித் தரலாம் என்பார்.

யாரையும் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்காதீர்கள். "சரி அண்ணாச்சி, இதை யார் நடத்துவது? காசு யார் கொடுப்பது?" என்று கேளுங்கள். பதிலைக் கட்சிப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். ஆற்று மணல் அள்ளக் கூடாது என்பதில் புஷ்கர விழாவுக்கு ஆற்றில் முழுக்குப் போட்டவரும் தமிழ்த்தேசியரும் தோழரும் ஒன்றாக நிற்பார்கள். ஒருவருக்கு ஆறு தாய், ஒருவருக்கு அது நம் மண், இன்னொருவருக்குப் பொதுச்சொத்து. யார் காவல் காப்பது என்றதும் பிரிந்துவிடுவார்கள். பலகையில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மிச்ச நேரத்தை அதிலேயே செலவழிக்கலாம்.

யார் எதைச் சொன்னாலும் வருடத்தோடு சொல்லச் சொல்லுங்கள். குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் இடைக்காலத் தடை போட்டதை ஒருவர் சொல்வார். 2017 மார்ச்சில் அது நீங்கியதை எதிரில் இருப்பவர்தான் சொல்வார். இரண்டையும் எழுதுங்கள்.

கூடங்குளத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். அதை முதலில் எடுத்தால் வேறு எதுவும் பேச முடியாது.

ஓட்டெடுப்பு வேண்டாம். பலகையைப் போட்டோ எடுத்து அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஆளுக்கொரு கூட்டம் நடந்ததாகச் சொல்வார்கள்.