கோடைச் சைலேஜுக்குப் புல் பாத்தியைத் தைப்பூசத்திலேயே ஒதுக்குங்க

சைலேஜ், அதாவது பச்சைப் புல்லை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கிற தீவனம், போடணும்னு கேட்டு வருகிறவர்கள் குழி எத்தனை அடி, பை என்ன விலை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். புல்லில் எந்தப் பாத்தியை ஒதுக்கியிருக்கீங்க என்று நான் கேட்டால் முழிப்பார்கள். எங்கள் தாராபுரம் பக்கத்தில் கோ 5 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப் புல்லைக் காலையில் ரெண்டு கட்டு, சாயந்திரம் ரெண்டு கட்டு என்று ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே போவதுதான் வழக்கம். அதனால் ஒரே வயலில் நாலு விரக்கடைத் துளிரும் இருக்கும், ஆளை மறைக்கிற தட்டும் இருக்கும். அதை மொத்தமாக வாரிக் குழியில் போட்டால் இளசு தண்ணி விடும். முத்தினது எவ்வளவு மிதித்தாலும் அமுங்காமல் இடுக்கில் காற்றை வைத்துக்கொள்ளும். பூசணம் அங்கேதான் பிடிக்கும்.

அதனால் முதல் வேலை, ஒரு பங்கை ஒதுக்கி ஒரே வயசுக்குக் கொண்டுவருவது. காலம் தைப்பூசம். மார்கழி, தைப் பனியில் சுணங்கிக் கிடக்கிற புல், மாசி வெயில் ஏறினதும் குபுகுபுவென்று எழும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறின தண்ணியும் கிணற்றில் மிச்சமிருக்கும். தைப்பூசப் பௌர்ணமிக்கும் பங்குனி உத்திரப் பௌர்ணமிக்கும் நடுவே ஏறக்குறைய 59 நாள். பூசம் முடிந்த கையோடு சமன் அறுப்பு, அதாவது பாத்தி முழுக்க ஒரே மட்டத்துக்கு ஒரு அறுப்பு, அறுத்தால், உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பாகப் புல்லுக்கு 50 நாள் ஆகியிருக்கும். சைலேஜுக்கு அதுதான் பக்குவம். மாட்டுக்குப் பச்சையாகப் போட 45 நாள் போதும், ஆனால் அப்போது புல்லில் தண்ணி ஜாஸ்தி. உத்திரம் நெருங்கினால் ஆள் கிடைக்காது என்பது இன்னொரு கணக்கு. பாதி ஊர் கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கப் போய்விடும்.

எந்தப் பாத்தி என்பதில் கவனம் வேண்டும். கட்டுத்தரை கழுவுகிற தண்ணி பாய்கிற பாத்தி கருகருவென்று செழித்து நிற்கும், பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதைத் தொடாதீங்க. சாணித் தண்ணியோடு வருகிற கெட்ட கிருமியும் மிதமிஞ்சின தழைச்சத்தும் சைலேஜைப் புளிக்க விடாமல் கெடுக்கும். அந்தப் புல்லைத் தினசரித் தீவனத்துக்கு வைத்துக்கொண்டு, வாய்க்கால் தண்ணி மட்டும் பாய்கிற பாத்தியாகப் பாருங்க. புரதம் நிறைந்த தீவனப் பயிரான வேலிமசால் ஊடுபயிராக இருந்தால் அதைத் தனியாக அறுத்துப் பச்சையாகவே போடுங்க. புரதம் கூடினால் புளிப்பு ஏறுவது தாமதமாகும்.

சமன் அறுப்பை ரெண்டு நாளுக்குள் முடிக்கணும். இதில் மட்டும் ஒட்ட அறுக்கலாம். அறுத்ததும் தூர் கண்ணுக்குத் தெரியும். ரெண்டு மூணு வருசத்துப் புல்லென்றால் நடுவில் காய்ந்த கட்டை அடைத்துக்கொண்டு, துளிர் ஓரத்தில் மட்டும் வரும். மண்வெட்டியால் தூரில் பாதியைப் பிளந்து எடுத்துவிடுங்க. செத்துப்போன இடத்தில் ரெண்டு பரு உள்ள தண்டுத் துண்டாக (கரணை) நட்டுக்கொள்ளலாம், அது இந்த அறுப்புக்கு ஆகாது, அடுத்ததுக்கு உதவும்.

அடுத்தது எலி வளை. வரப்போரமும் தூருக்கு நடுவிலும் எலி தோண்டித் தள்ளின மண் குவியலாகக் கிடக்கும். புல் வளர்ந்தபின் அது தெரியாது, அரிவாளோடும் மெஷினோடும் நேராகக் குழிக்குப் போய்விடும். மண்ணில் இருக்கிற கிருமிதான் சைலேஜில் அந்த அழுகின வெண்ணெய் நாற்றத்தைக் கொண்டுவருகிறது. குவியலைத் தட்டிச் சமப்படுத்துங்க. கூடவே சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, வாழை கட்டின பிளாஸ்டிக் கயிறு, கம்பி, கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்க. கல் பட்டால் புல் நறுக்குகிற சாஃப் கட்டர் மெஷினின் பிளேடு போகும். கம்பி மாட்டு வயிற்றுக்குள் போனால் மாடே போகும்.

எரு போடுவது இப்போதுதான். நன்றாக மக்கினதை வரிசைக்கு நடுவே போட்டு மண் அணைத்துவிடுங்க. பச்சைச் சாணி ஆகாது. யூரியாவுக்கு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து. அதாவது ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இதைச் சமன் அறுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் ஈரத்தில் போட்டு முடித்துவிடணும். புல் வெளிறுகிறதே என்று பங்குனியில் ஒரு கை வீசுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கடைசி நாலு வாரத்தில் யூரியா பக்கமே போகாதீங்க. இலையில் நைட்ரேட் தங்கும், சர்க்கரை குறையும். கோ 5-ல் சர்க்கரை ஏற்கெனவே சோளத்தட்டு, மக்காச்சோள அளவுக்கு இல்லை. அதனால்தான் 100 கிலோ புல்லுக்கு 2 கிலோ வெல்லமோ, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸோ கரைத்துத் தெளிக்கிறோம்.

தண்ணியை அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்துங்க. இந்தத் தடவை தரையோடு ஒட்ட அறுக்கக் கூடாது. அரைச் சாண் கட்டை நிற்கட்டும், மண் ஒட்டாது, மறுதுளிரும் வரும். பனி ஈரம் காய்ந்தபின் அறுத்து, அரை நாள் வயலிலேயே பரப்பி வாட விடுங்க. பிறகு விரல் பருமனுக்கு நறுக்கி ஒரு பிடி எடுத்து அரை நிமிசம் இறுக்கிப் பிடியுங்க. விரலிடுக்கில் சாறு வழிந்தால் இன்னும் வாடணும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துபோச்சு. உருண்டை மெதுவாக விரிந்து, உள்ளங்கை லேசாக ஈரமாக இருந்தால் உடனே குழிக்கு ஏற்றுங்க.

அரை ஏக்கரில் அஞ்சு டன் வந்தால் நாலு மாட்டுக்கு, மாடு ஒன்றுக்குத் தினம் 15 கிலோ வீதம் ரெண்டு மாதத்துக்கு மேல் ஓடும். மூடி 45 நாள் கழித்துத் திறந்தால் வைகாசி, ஆனிக்குச் சரியாக இருக்கும். அறுத்த பாத்திக்கு மூணாம் நாள் தண்ணி விடுங்க. கிணறு கீழே போய்விட்டதென்றால் காய்ந்த கரும்புச் சோகையைத் தூருக்கு மேல் கனமாகப் போட்டு மூடி, பதினைஞ்சு நாளுக்கு ஒரு உயிர்த்தண்ணி கொடுத்தாலும் ஆடி மழைவரை தூர் தாங்கும்.