பெரியவர்களுக்குப் பால் தேவையா? தமக்குத் தாமே முடிவெடுக்கும் முறை

வளர்ந்து முடிந்த ஒருவருக்குப் பால் நல்லதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் முன், கேட்பவரின் குடல் பாலை எப்படி ஏற்கிறது, அவர் தட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன, அவர் என்ன மருந்து உட்கொள்கிறார் ஆகிய மூன்றையும் அறிந்தாக வேண்டும். பால் குடிக்காமலேயே ஒரு பெரியவர் முழு நலத்துடன் வாழ முடியும். பால் ஒத்துக்கொள்ளும் உடலுக்கு அளவான பாலால் கேடு விளையும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. ஆகவே பாலைப் போற்றுபவர்களின் பேச்சையோ, அதை நஞ்சு என்பவர்களின் பேச்சையோ கேட்டு முடிவெடுக்காமல், கீழே சொல்லும் வரிசையில் தம் உடலையும் உணவையும் தாமே பார்த்து முடிவெடுப்பது நல்லது.

முதலில் கணக்கிடுங்கள்

"நான் பாலே குடிப்பதில்லை" என்று சொல்லும் பலர் நாளொன்றுக்கு மூன்று முறை காபியோ டீயோ குடிக்கிறார்கள். ஒரு டம்ளர் காபியில் ஏறத்தாழ 100 மில்லி பால் இருக்கும் என்று கொண்டால், மூன்று டம்ளரில் 300 மில்லி ஆகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு நாள் உணவுத் தட்டுக்குப் பரிந்துரைக்கும் பாலும் தயிரும் சேர்ந்த அளவே 300 மில்லிதான். அதன் மேல் மதியம் தயிர் சாதமும், இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் அளவு இரு மடங்கை நெருங்குகிறது. எனவே ஒரு வாரத்துக்குக் காபி, டீ, தயிர், மோர், பாயசம், பால் இனிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகே தெரியும்.

அதே தாளில் சர்க்கரையையும் எழுதுங்கள், ஏனெனில் நம் வீடுகளில் பாலோடு வரும் பெரிய சிக்கல் பாலில் இல்லை, அதில் கலக்கும் சர்க்கரையில்தான் இருக்கிறது. ஒரு டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் மூன்று டம்ளருக்கு ஏறத்தாழ 25 கிராம் ஆகிவிடும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராம் அளவுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. மால்ட் பொடிகளைப் பாலில் கலந்து குடிக்கும் பெரியவர்கள் டப்பாவின் பின்புறம் சர்க்கரையின் அளவைப் படித்துப் பார்க்க வேண்டும். வெறும் பாலை ஏற்கும் உடலுக்கு அந்தப் பொடி தேவையே இல்லை.

குடலைச் சோதித்துப் பாருங்கள்

பாலில் உள்ள இயற்கையான சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். 100 மில்லி பசும்பாலில் அது ஏறத்தாழ 5 கிராம் இருக்கிறது. அதைச் செரிக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அது நிறைய சுரக்கிறது. அதன் பிறகு உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறைந்துவிடுகிறது. பெரியவர்களான பின்னும் அந்தச் சுரப்பைத் தொடர வைக்கும் மரபணு மாற்றத்தை 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இந்தியாவில் அந்த மாற்றம் வடமேற்கில் அதிகமாகவும், தென்கிழக்கை நோக்கி வர வரக் குறைவாகவும் காணப்படுகிறது. ஆகவே தமிழ்நாட்டில் பால் குடித்ததும் ஒருவருக்கு வயிறு உப்பினால் அதை நோயாகவோ பலவீனமாகவோ எண்ண வேண்டியதில்லை. மனித உடலின் பழைய இயல்பு அதுதான்.

செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கிறது. அதனால்தான் குடித்த அரை மணி நேரம் முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு உப்புதல், வாயு, இரைச்சல், இழுத்துப் பிடிக்கும் வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை வருகின்றன. உங்களுக்கு இது உண்டா என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். இரண்டு வாரங்களுக்குப் பாலையும் பாலில் செய்த இனிப்புகளையும் முழுமையாக நிறுத்திவிட்டு, வயிற்றின் நிலையைக் கவனியுங்கள். தொல்லை குறைந்தால், வெளியே போக வேண்டிய அவசரம் இல்லாத ஒரு நாளில், காலைச் சாப்பாட்டோடு 100 மில்லி பாலைச் சர்க்கரையில்லாமல் குடித்துப் பாருங்கள். காபியாகவோ டீயாகவோ குடித்தால் தொல்லைக்குக் காரணம் பாலா, டிகாஷனா என்று பிரித்தறிய முடியாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து 150 மில்லி, பிறகு 200 மில்லி என்று கூட்டுங்கள். எந்த அளவில் தொல்லை தொடங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழே உள்ளதுதான் உங்கள் அளவு. இதில் பலருக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஏறத்தாழ 240 மில்லி பாலை, உணவோடு சேர்த்துக் குடித்தால் பெரிய தொல்லையின்றி ஏற்கிறார்கள். வெறும் வயிற்றில் குடித்தபோது ஒத்துக்கொள்ளாத பால் இட்லி சாப்பிட்ட பிறகு ஒத்துக்கொள்வது இதனால்தான்.

இந்தச் சோதனை எல்லோருக்கும் ஏற்றதன்று. பால் பட்டதும் உதடு வீங்குவது, உடலில் தடிப்பு எழுவது, மூச்சு இழுப்பது ஆகியவை பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமை. இந்த ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு சொட்டைக்கூட வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றைப் பாலின் மீது போட்டுவிட்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு; குடலின் உட்சுவர் ஆறியதும் அது சரியாகிவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர்

பாலைக் காய்ச்சினாலும் லாக்டோஸ் குறையாது. ஆனால் உறை ஊற்றினால் குறையும். தயிரில் உள்ள நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன, மீதியைச் செரிக்கவும் நம் குடலுக்குள் உதவுகின்றன. எனவே பால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் கால்சியத்தையும் புரதத்தையும் இழக்க வேண்டியதில்லை. நன்றாக உறைந்த தயிரும் மோரும் போதும். என் பார்வையில் தென்னிந்தியப் பெரியவர்களுக்குப் பால் பொருள்களில் முதலிடம் தயிருக்குத்தான். கடையில் விற்கும் லாக்டோஸ் நீக்கிய பாலும் பயன்படும், ஆனால் அதன் விலையைக் கொடுக்கும் முன் தயிரைச் சோதித்துப் பாருங்கள். நாட்டு மாட்டுப் பால் என்றும் ஏ2 பால் என்றும் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதில் புரதத்தின் வகைதான் வேறு. லாக்டோஸ் அதே அளவுதான். எருமைப் பாலும் ஏ2 வகையே என்பதையும் அறிந்து வையுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம்

இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 21 நாடுகளில் 1,36,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வு, இந்தியர்களையும் உள்ளடக்கியது. அதன் முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வெளியாயின. நாளொன்றுக்கு இரண்டு பரிமாறல் அளவுக்கு மேல் (ஒரு அளவு என்பது ஒரு டம்ளர் பால் அல்லது ஒரு கிண்ணம் தயிர்) பால் பொருள்கள் உட்கொண்டவர்களிடையே, அறவே உட்கொள்ளாதவர்களை விட இறப்பும் இதய நோயும் குறைவாக இருந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் வெளியான சுவீடன் ஆய்வோ, நாளொன்றுக்கு மூன்று கண்ணாடி டம்ளருக்கு மேல் பால் குடித்த பெண்களிடம் இறப்பும் எலும்பு முறிவும் அதிகமாக இருந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வில் புளிக்கவைத்த பால் பொருள்களோடு அந்தத் தொடர்பு காணப்படவில்லை. இரண்டுமே மக்களைக் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வுகள் என்பதால், பாலே காரணம் என்று அவற்றை வைத்து அறுதியிட முடியாது. அதிகமான பால் பொருள்கள் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பதாகவும், ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் அபாயத்தைச் சற்றுக் கூட்டக்கூடும் என்றும் சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன.

முதியவர்களுக்கு மட்டும் இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றின் அளவைக் கூட்டி, மற்றதில் வழக்கமான உணவையே தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கூட்டிய பிரிவில் எலும்பு முறிவுகள் மூன்றில் ஒரு பங்கும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. அந்த முதியவர்கள் முன்பு கால்சியமும் புரதமும் குறைவாக உண்டவர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பல் இல்லாமலும் பசியில்லாமலும் இரண்டு வாய்க் கஞ்சியோடு எழுந்துவிடும் நம் வீட்டுப் பெரியவர்களின் நிலையும் அதுதான். அவர்களுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கொடுப்பது மிக எளிதான, பயனுள்ள உணவு உதவி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பால் ஒத்துக்கொள்ளும் பெரியவருக்குப் பாலும் தயிரும் சேர்ந்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லி வரை நியாயமான அளவு என்பது என் கருத்து. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியமும் 6 கிராம் புரதமும் கிடைக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான கால்சியம் 1,000 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. ஆகவே பால் ஒரு பகுதியைத்தான் நிரப்பும், மிச்சம் தட்டிலிருந்துதான் வர வேண்டும். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால், சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் பாலாலேயே வயிற்றை நிரப்பும் பழக்கம் இரத்தச்சோகைக்கு வழி வகுக்கும்.

எந்தப் பாக்கெட்

பாக்கெட்டின் நிறத்தை விட அதில் அச்சிட்ட கொழுப்பு அளவைப் பாருங்கள். இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதமும், சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. கால்சியமும் புரதமும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. நிறைகொழுப்புப் பால் 200 மில்லியில் 12 கிராம் கொழுப்பு உண்டு, அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. எடை கூடுதலாக உள்ளவர்களும், இதய நோய் உள்ளவர்களும், கெட்ட கொழுப்பு உயர்ந்தவர்களும் 3 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உடல் மெலிந்த முதியவருக்கு நிறைகொழுப்பே பொருத்தம். வைட்டமின் ஏ, டி சேர்த்துச் செறிவூட்டிய பால் கிடைத்தால் அதை வாங்குங்கள். வெயிலுள்ள நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது, அது இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது.

பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது. அதை ஒரு கொதி வரும் வரை காய்ச்சினால் போதும். மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்தால் சில பி வைட்டமின்கள் குறையும். பால்காரரிடம் வாங்கும் கறந்த பாலை மட்டும் நன்றாகக் காய்ச்சாமல் எந்த வயதினரும் குடிக்கக் கூடாது; மாட்டிலிருந்து காசநோயும் புரூசெல்லா காய்ச்சலும் பச்சைப் பால் வழியாக வரக்கூடும்.

நேரமும் மருந்தும்

தைராய்டு மாத்திரையை விழுங்கியவுடன் காபி குடிப்பது நம் வீடுகளில் மிகவும் பரவலான தவறு. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ பாலோ குடிக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடோ டீயோடோ எடுத்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. குறிப்பாகக் கருவுற்ற பெண்கள் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளின் செயலையும் பால் தடுக்கும் என்பதால், மருந்து வாங்கும்போதே எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்சர் உள்ளவர்கள் எரிச்சல் தணியக் குளிர்ந்த பால் குடிப்பது பழைய பழக்கம். ஒரு காலத்தில் மருத்துவர்களே அதைப் பரிந்துரைத்தார்கள். பால் சிறிது நேரம் எரிச்சலை அடக்குவது உண்மை, ஆனால் அதன் பிறகு இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போவதே முறை. இரவில் நெஞ்செரிச்சல் வருபவர்கள் படுக்கும் முன் பால் குடிப்பதை விட்டுவிட்டு, அதை மாலையில் குடிக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பாலில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் காரணமாக அளவை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டே முடிவு செய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காத பாலைக் குடிக்கலாம். 200 மில்லி பாலில் லாக்டோஸாக உள்ள 10 கிராம் மாவுச்சத்தை அன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

பாலை விட முடிவு செய்தால்

ஒத்துக்கொள்ளாததாலோ, மாடுகளின் மீதான இரக்கத்தாலோ, வேறு கொள்கையாலோ பாலை முழுமையாக விடுபவர்கள் அதன் இடத்தை வெறுமையாக விடக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், முருங்கைக் கீரையில் 300க்கு மேலும், அகத்திக் கீரையில் 900 அளவிலும், எள்ளில் 1,000க்கு மேலும் கால்சியம் உண்டு. எள்ளை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கரண்டிதான் உண்ண முடியும் என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பசலைக் கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் அதன் கால்சியத்தைப் பெரும்பாலும் உடலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். அசைவம் உண்பவர்களுக்கு முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நல்ல வழி. தேங்காய்ப் பாலும் பாதாம் பாலும் புரதத்தில் பசும்பாலுக்கு ஈடாகா. கால்சியம் சேர்த்த சோயாப் பால் ஏறத்தாழ ஈடாகும்.

வைட்டமின் பி12 பற்றி மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. சைவ உணவு உண்பவருக்குப் பாலும் தயிரும்தான் அந்தச் சத்தின் முக்கிய வாயில். கீரை, பருப்பு, தானியம் எதிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. குறைந்தால் கை கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, மறதி, இரத்தச்சோகை என்று மெதுவாக வெளிப்படும், நரம்பில் ஏற்படும் சேதம் நெடுநாள் கவனிக்கப்படாமல் விட்டால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே சைவ உணவினர் பாலை நிறுத்தும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரையைத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் பி12, வைட்டமின் டி இரண்டின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.